டேப் மட்டும் ஓடியது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்த் திருவிழாவை வானொலியில் நேரடியாக வர்ணிக்க, ரத வீதியில் ஒரு மாடி அறையை ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். ஒலிபரப்பாவதை டேப்பில் பதிவு செய்வதும், எந்தக் கருவி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு.

மைக் வயர் கழன்றுவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். வர்ணனையின் நடுவே அதை மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. திரும்பச் செருக இரண்டு நிமிடம் ஆனது. நோட்டில் ‘கரண்ட் கட்’ என்று எழுதிவிட்டேன்.

மாலையில் வானொலி இன்ஜினியர் நோட்டைப் பார்த்துக்கொண்டே டேப்பைக் கேட்டார். பேச்சு நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் வெறும் இரைச்சல்.

“கரண்ட் இல்லாம டேப் மட்டும் எப்படி ஓடுச்சு?” என்றவர், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைக் கவனித்த எங்கள் கடைப் பாண்டி அண்ணனிடம் திரும்பினார். “நீங்கதான் மைக்கை அணைச்சிருக்கீங்க. நாளைக்கு வரவேண்டாம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஏலே, அப்ப ஃபேன்கூடச் சுத்திக்கிட்டுத்தானலே இருந்துச்சு?”

“நான்தான் சார் வயரை உருவிட்டேன்,” என்றேன்.

இன்ஜினியர் பேனாவை நீட்டினார். ‘கரண்ட் கட்’ என்பதை அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, அண்ணனை நாளைக்கும் வரச் சொன்னார்.

பிளக்கை மாற்றும்போது அண்ணன் முணுமுணுத்தார். “எம்புட்டு லூசா இருக்கு பாரு. நீ ஆட்டலைன்னாலும் நாளைக்குத் தானா கழந்திருக்கும். அப்பமே சொல்லித் தொலைச்சிருந்தா மத்தியானமே மாத்தியிருப்பேன்லலே, மூதி.”

என் பயம் இன்றும் போகவில்லை. தவறு செய்தால் முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் பயப்படுகிறேன்.