ஞாயிற்றுக்கிழமை வந்த சாமி

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் மனோதத்துவம் படித்துவிட்டு ஊருக்கு வந்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்தான். பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊரில் யார் தும்மினாலும் ஆழ்மனத்தில் காரணம் தேடுவேன். அந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவின் மருமகளுக்குச் சாமி வர ஆரம்பித்தது.

மதினிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அண்ணனுக்குக் கோவில்பட்டியில் மில் வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார். மதினியை அவரோடு அனுப்பப் பெரியம்மாவுக்கு மனசில்லை. பருத்திக்காட்டில் களையெடுக்க ஆள் வேண்டுமே. மதினியும் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் அண்ணன் பையைத் தூக்கினால் போதும், தலைமுடி அவிழ முற்றமே அதிர ஆடுவாள். பஸ் போய்விடும். அண்ணன் திங்கள் காலையில்தான் கிளம்புவார்.

மூன்று ஞாயிறு பார்த்தேன். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். புத்தகத்தில் படித்தது கண் முன்னால் ஆடுகிறது! சொல்ல வழியில்லாத ஆசை சாமியாகப் பேசுகிறது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

நாலாவது ஞாயிறு மதினி ஆடத் தொடங்கியதும், அண்ணனின் சித்தப்பா குறுக்கே வந்தார். "இது சாமியா பேயான்னு கேட்டுருங்க. பேய்னா கோடாங்கியக் கூப்பிட்டுச் சாட்டையால அடிச்சு வெரட்டணும்." நான் நோட்டை மூடிவிட்டேன்.

பெரியம்மா சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டாள். "ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்? கெடா வெட்டணுமா? பட்டு எடுக்கணுமா?"

"கெடா வேண்டாம். கோவில்பட்டியில ஒரு வீடு வேணும். மில்லுப் பக்கம். வாடகை வீடுன்னாலும் சரி."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"பேயி வீடு கேக்குமா? ஆத்தாதான் கேக்குறா. இந்த வாரமே அனுப்பி வைக்கேன்" என்று பெரியம்மா திருநீறு பூசினாள். மதினி அப்படியே அடங்கி உட்கார்ந்தாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மறுநாள் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் போய்ப் பாடம் எடுத்தேன். "பெரியம்மா, அது சாமி இல்ல. மதினியோட ஆசைதான் அப்படிப் பேசுது."

பெரியம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, மெள்ளப் பேசு. எனக்குத் தெரியாதாக்கும்? மருமக கேட்டு அனுப்புனா, புருசன் மேல இம்புட்டு ஆசையான்னு ஊரே அவளப் பாத்துச் சிரிக்கும். சாமி கேட்டா எவன் சிரிப்பான்?"

பிறகு பெரிய குண்டானை ஒதுக்கிவிட்டு, ரெண்டு பேருக்கு மட்டும் பொங்குகிற மாதிரி ஒரு சின்னப் பானையைத் தேட ஆரம்பித்தாள்.