எங்கள் வரவு செலவு தெரிந்த குரல்

மன்னார் பள்ளிமுனையில் நானும் ராத்தாவும் தையல்கடை திறந்தபோது எங்களிடம் இரண்டு மிசின்களும் ஒரு வெட்டு மேசையும்தான் இருந்தன. நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பியவள். ராத்தா முசலிப் பக்கத்தவர். சின்ன வயதில், சண்டைக்காலத்தில், குடும்பத்தோடு புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து போய், நடுவயதில் திரும்பி வந்தவர். அவருடைய கணவர் கட்டார் நாட்டில் வேலை செய்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

முகாமில் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் யாருக்காவது தெரிந்திருக்கும். யார் வந்தது, யார் காசு அனுப்பியது, இரவு எத்தனை பேர் தங்கினீர்கள் என்று வாசலில் வந்து நிற்கிற எவரும் கேட்கலாம். நாங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஊருக்கு வந்து என் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்த அன்று, இனி இதைப்பற்றி ஒருவரும் என்னைக் கேட்க முடியாது என்ற நிம்மதியோடு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

சுயதொழில் செய்யும் பெண்களுக்கென்று டவுனில் ஒரு நிறுவனம் வகுப்பு வைத்தது. கடைசி நாளில், பாடம் எடுத்த இளைஞர் எங்கள் எல்லாருடைய போன்களிலும் ஒரு செயலியைப் போட்டுத் தந்தார். வங்கியின் இணையக் கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்தால் போதும், வரவும் செலவும் தானாக வந்து விழும், எது எதற்கென்று பக்கத்தில் ஒரு சொல் எழுதிக்கொண்டால் சரி என்றார்.

“பாங்க் பாஸ்வேர்டை வேற ஆக்களுக்குக் குடுக்கலாமா தம்பி?” என்று ராத்தா கேட்டார்.

“பயப்பிடாதேங்கோ அக்கா, எல்லாம் பூட்டித்தான் இருக்கும்.”

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. நூலுக்கு எவ்வளவு போனது, துணிக்கு எவ்வளவு போனது என்று மாதக் கடைசியில் நிறம் நிறமாகக் காட்டும். என் மூத்த மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அதை முட்டு என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயரை எழுத மனம் வரவில்லை. அவளுடைய மருந்துச் செலவுக்கு நேரே ‘மூச்சு’ என்று போடுவேன். அந்தச் செயலியைத் தவிர வேறெங்கும் நான் அதை அப்படிச் சொன்னதில்லை.

சில மாதங்கள் கழிந்து, பள்ளிச் சீருடை வேலை நிறைந்திருந்த ஒரு மத்தியானம் போன் அடித்தது. ராத்தா அன்று கடைக்கு வரவில்லை. முசலியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை போடுவதைப்பற்றிப் பேசப் போயிருந்தார்.

“மிஸ், பாங்க்கில இருந்து கதைக்கிறன். உங்கட கணக்கில ஒரு பிழையான கொடுக்கல் வாங்கல் நடக்கப் பாக்குது. நிப்பாட்டவேணும்” என்றது ஒரு ஆண்குரல். மிகவும் மரியாதையான குரல்.

கனடாவிலிருந்து என் அண்ணன் காசு அனுப்பியிருந்ததை அந்த ஆள் சொன்னார். நான் எந்தக் கடையில் சீருடைத் துணி எடுத்தேன் என்று சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. வங்கிக்காரரைத் தவிர இதெல்லாம் யாருக்குத் தெரியும்? போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதை வாசித்துச் சொன்னால் கணக்கைக் காப்பாற்றிவிடலாம் என்றார். இலக்கமும் வந்தது. நான் வாசிக்க வாய் திறந்தேன்.

“கெதியாச் சொல்லுங்கோ மிஸ். பிள்ளையின்ர மூச்சுக்கும் இதிலதானே மருந்து எடுக்கிறீங்கள்.”

நான் இலக்கத்தை வாசிக்கவில்லை.

“மூச்சு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

குரல் மாறியது. “காசு போனா நாங்கள் பொறுப்பில்லை” என்றது. முகாம் வாசலில் கேட்ட தொனி அது. போனை வைத்துவிட்டேன். இந்த விவரமெல்லாம் எங்கிருந்து போயிருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. நான் செயலிக்குள் எழுதியதெல்லாம் அந்த ஆளின் கண்முன்னே இருக்கிறது. கடவுச்சொல்லும் இருக்கிறது. காசை எடுக்கக் குறைந்திருந்தது அந்த இலக்கம் ஒன்றுதான்.

உடனே ராத்தாவுக்கு எடுத்தேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப எடுத்தேன். கடைசியில் கிடைத்தார்.

“பாங்க்கால எடுத்தாங்க புள்ள. நல்ல மனுசன். வீட்டுக் கூரைக்கு வச்ச காசு எண்டுகூடச் சொன்னாரு. நம்பரச் சொல்லிட்டன்.”

“ராத்தா, அது பாங்க் இல்லை. கள்ளன். நீங்கள் உடன பஸ் ஏறுங்கோ, நான் பாங்குக்குப் போறன்.”

கடையைப் பூட்டி ஓட்டோ பிடித்தேன். வங்கியில் வரிசை இருந்தது. நான் வரிசையைத் தாண்டிப் போய் ஒரு பெண் அதிகாரியின் மேசை முன்னால் நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கணக்கு உங்கட பேரில இல்லையே. அவ வரவேணும்” என்றார்.

“அவ முசலியில இருந்து வாறதுக்குள்ள ஒண்டும் மிஞ்சாது மிஸ். இந்தாங்கோ, அவவோட கதையுங்கோ. என்ன கேக்கவேணுமோ கேளுங்கோ. முதல்ல நிப்பாட்டுங்கோ, பேந்து விசாரியுங்கோ.”

பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள். நான் நகரவில்லை. அந்த அதிகாரி என் போனை வாங்கி, ராத்தாவிடம் அடையாள அட்டை இலக்கத்திலிருந்து தாயின் பெயர் வரை கேட்டார். பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். கணக்கை அவர் நிறுத்தியபோது காசு பாதிக்குக் கிட்டப் போயிருந்தது. மீதி தப்பியது. என்னுடைய கடவுச்சொல்லையும் அங்கேயே மாற்றினேன்.

ராத்தா வந்து சேர்ந்தபோது வங்கி மூடிவிட்டது. வாசலில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “அவரு வெயில்ல உழைச்ச காசு. எப்பிடிச் சொல்லப்போறன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கண்ணைத் துடைத்தார். “வா, பொலிசுக்குப் போவம்.”

பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். “எங்களுக்கு விளங்காததில கையெழுத்து வைக்கமாட்டம்” என்றார் ராத்தா. தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வைத்தோம்.

அடுத்த நாள் வகுப்பு நடத்திய நிறுவனத்தின் கந்தோருக்குப் போனோம். செயலியைப் போட்டுத் தந்த இளைஞரின் முகம் வெளிறிவிட்டது. கொழும்பிலிருந்து தந்ததைத்தான் கொடுத்ததாகச் சொன்னார். செயலி நடத்தியவர்களுக்கு எங்கள் முன்னாலேயே போன் எடுத்தார். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. அவரைத் திட்டி என்ன பயன்? வகுப்புக்கு வந்த எல்லாப் பெண்களையும் அதே மண்டபத்துக்குத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மட்டும் கேட்டோம். தயங்கினார். கூப்பிடும்வரை தினமும் வருவோம் என்றேன். கூப்பிட்டார்.

மண்டபத்தில் நான் பேசுவதாகத்தான் இருந்தது. ராத்தா என்னை இருத்திவிட்டு எழும்பினார்.

“ஏமாந்தது நான். நானே சொல்றன். வெக்கப்பட்டு வாயப் பொத்தினா களவெடுத்தவனுக்குத்தான் வசதி.”

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். வங்கி அதிகாரி எங்களுக்கு விளக்கியதையும் சொன்னார். செயலியை அழித்தால் மட்டும் போதாது, வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றவேண்டும், போனுக்கு வரும் இலக்கத்தை, கேட்பவர் வங்கிக்காரர் என்று சொன்னாலும் வாய் திறந்து சொல்லக்கூடாது. தோட்டவெளியிலிருந்து வந்த ஒரு பெண் மெல்லக் கை தூக்கினார். தனக்கும் அந்த அழைப்பு வந்ததாம், புருசனுக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். அன்று மாலைக்குள் எல்லாரும் ஒருவருக்கொருவர் உதவிக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

போன காசு வரவில்லை. பொலிஸிலிருந்தும் பதில் இல்லை. ராத்தாவின் கணவர் போனில் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, “நீ சுகமா இருக்கியா?” என்று மட்டும் கேட்டாராம். கூரை இரண்டு அறைகளுக்கு ஏறியது. சமைக்கிற குசினிக்குத் தகரத்தைப் போட்டுக்கொண்டு, மாரிமழைக்கு முன்பே ராத்தா அந்த வீட்டில் குடியேறினார்.

அடுத்த வருடச் சீருடை தைக்கும்போது ராத்தாவின் போனுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. வேறு குரல், அதே மரியாதை. ராத்தா ஸ்பீக்கரில் போட்டார்.

“எந்தக் கிளை தம்பி? மன்னாரா? நல்லம். நாங்க இப்ப நடந்து வாறம். உங்கட முகத்தக் கொஞ்சம் காட்டுங்க.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ராத்தா அழைத்தவனின் போன் இலக்கத்தை எனக்கு வாசித்துச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன், பொலிஸில் கொடுப்பதற்கு.