சொத்தைக் கத்திரிக்காய்ச் சங்கம்

குடியிருப்போர் நலச்சங்கத்தில் செயலாளர் பதவி என்பது, முதல் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவருக்குக் கிடைக்கும் தண்டனை. மின்சார ரயில் சதி செய்ததால் நான் மாட்டினேன். மாட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில், முடிச்சூரில் எங்கள் நகரில் பாதி மனைகளில் வீடு, மீதியில் முள்செடி. மேற்கு எல்லையில் ஏகாம்பரம் குத்தகைக்குக் கத்திரி போட்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் காலையில் பூச்சிமருந்து அடிப்பார். மேல்காற்று அதை நேராக எங்கள் சமையலறைகளுக்குக் கொண்டுவரும். தோட்டத்தை ஒட்டிய முதல் வீடு நசீமாவுடையது. மருந்து அடிக்கிற நாளெல்லாம் அவளுடைய ஆறு வயது மகளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். "இன்னும் ஒரு மாசம் பாப்பேன்கா. அப்புறம் வீட்டைப் பூட்டிட்டு அம்மா வூட்டுக்கே போயிடுவேன்" என்றாள். போகவேண்டாம், நான் நிறுத்திக் காட்டுகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். செயலாளர்களே, வாக்கு கொடுப்பதைத் தனியாக இருக்கும்போது கொடுங்கள்.

கையெழுத்து

மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மூன்றாவது தெருவில் ஒரு பெரியவர் இரண்டு முறை படித்தார், கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே 'தெருவிளக்கும் தேவை' என்று சேர்த்தார். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர் 'நாய்த் தொல்லை' என்றார், அதற்கடுத்தவர் மினி பஸ் கேட்டார். தெருமுனைக்கு வருவதற்குள் பூச்சிமருந்து பதினோரு கோரிக்கைகளில் ஒன்றாகிவிட்டது. திரும்பி வந்து பெரியவரிடம் சண்டை பிடித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆபீசர் ஒரு தடவைதாம்மா படிப்பார். எல்லாத்தையும் சேத்துப் படிக்கட்டுமே."

இல்லாத தோட்டம்

புதிதாக ஒரு மனு எழுதி, லீவு போட்டுவிட்டு அலுவலகங்களுக்கு அலைந்தேன். சுகாதாரத்துக்காரர்கள், பயிர் சம்பந்தப்பட்டது என்று விவசாய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், பதிவேட்டைப் புரட்டினார், அந்த சர்வே நம்பர் என்றைக்கோ வீட்டுமனையாக மாறிவிட்டது என்றார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஏகாம்பரம் தோட்டத்துக் கத்திரிக்காய் ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தேன்; எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காய் இருக்கு மேடம், நான் இல்லேன்னு சொல்லலை. ரெக்கார்டுல தோட்டம் இல்லையே."

கடல்காற்று

சரி, நேரே ஏகாம்பரத்திடமே பேசுவோம் என்று போனேன். மல்லுக்கட்டத் தயாராகத்தான் போனேன். அவரோ முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, வரப்பில் உட்கார இடம் காட்டினார். அவருக்கும் மருந்து அடித்த அன்று தலைவலி வருமாம். காலையில் அடிக்காமல் சாயங்காலம் அடித்தால் என்ன என்று கேட்டேன். அப்போது கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும், மருந்து எங்கள் பக்கம் வராது. சரி என்று ஒப்புக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் கைதட்டினார்கள். நசீமாவின் மகள் இரண்டு வாரம் ஒரு நாள்கூட விடாமல் பள்ளிக்கூடம் போனாள். நான் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கு மேற்கே இருக்கும் நகரின் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். சாயங்காலமானால் அவர்கள் குழந்தைகள் இருமுகிறார்களாம். கையில் மனு. படிக்கப் படிக்க எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவர் கூச்சமே படவில்லை. "உங்க மனுதான் மேடம். நல்லா இருந்திச்சு, நகர் பேரை மட்டும் மாத்திக்கிட்டோம்."

பொறுக்குகிற கை

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கமும் குழந்தைகள் இருப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? இரண்டு செயலாளர்களும் சேர்ந்து தோட்டத்துக்குப் போய், மருந்தே வேண்டாம் என்றோம். ஏகாம்பரம் வாதாடவில்லை. இரண்டு வரிசை செடிக்கு மருந்து அடிக்காமல் விட்டு வைக்கிறேன், காய் பறிக்கிற அன்று தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போய் உட்கார்ந்தேன். கோணிமேல் இரண்டு குவியல். ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றதில் காய்க்கு ஒரு ஓட்டை. வந்தவர்கள் எல்லாரும் ஓட்டைக் காயை எடுத்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், போட்டுவிட்டுப் பளபளப்பைப் பொறுக்கினார்கள். நாலாவதாக வந்து குனிந்தவள் நசீமா. "சீ, சொத்தை" என்று தூக்கிப் போட்டுவிட்டு, நல்லதாகப் பார்த்துப் பை நிறைத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஏகாம்பரம் முந்திக்கொண்டார்.

"அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். போன வாரம் நீங்களும் இப்டித்தான் பொறுக்கினு இருந்தீங்க."

கூட்டம்

இரண்டு நகரையும் ஒன்றாகக் கூட்டினேன். ஏகாம்பரம் மருந்தை விட்டுவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பார், வாரம் ஒருநாள் வண்டியில் காய் கொண்டுவருவார், ஓட்டை இருந்தாலும் நாம் வாங்கவேண்டும் என்றேன். "நாங்க சுத்த சைவம் மேடம், புழுவோட எப்படி?" என்றார் ஒருவர். முதல் வரிசையிலிருந்து நசீமா எழுந்தாள். வெட்டிப் பார்த்துக் குழம்பு வைக்க எனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருகிறேன், என் பொண்ணு மூச்சு விடணும் என்றாள். அப்புறம் யாரும் சைவம் பேசவில்லை.

முதல் சனிக்கிழமை வண்டி வந்தபோது அவள் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றாள். யாராவது சொத்தைக் காயைத் திரும்பப் போட்டால், அவளே எடுத்து அவர்கள் பையில் போட்டாள். பெரிய ஓட்டையாக நாலு காயை என் பையிலும் போட்டாள். அந்த மாதம் முடிந்தது, அடுத்த மாதமும் முடிந்தது. அவள் வீட்டைப் பூட்டவில்லை. ஒருநாள் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஏகாம்பரம் என் வாசலில் நின்றார். "நல்ல காயி மூணு நின்னுபோச்சு மேடம். ஓட்டை இல்லேன்னு அந்தம்மா யாரையும் வாங்க வுடல."

அதற்குப் பிறகும் நான்கு வருஷம் செயலாளராக இருந்தேன். எங்களைவிட முரண்டு பிடித்த எதிர்த்தரப்பை நான் பார்க்கவே இல்லை.