குழந்தைராஜ் விதை ஊறப்போட்டார்

என் அக்கா அமலியின் வீட்டுக்காரர் குழந்தைராஜுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முக்கால்வாசியை அவர் இன்னும் வராத காலத்தில்தான் குடியிருந்து கழித்திருக்கிறார். ஸ்கூட்டர் வாங்குவதற்கு முன்பே ஹெல்மெட் வாங்கினார். ஹெல்மெட் இரண்டு வருடம் ஆணியில் தொங்கியது. மகள் லின்சி பத்தாவது படிக்கும்போதே, அவள் கல்யாணத்துக்குப் பந்தல் போட இடைஞ்சலாக இருக்கும் என்று வாசலில் நின்ற முருங்கையை வெட்டினார். கல்யாணம் கடைசியில் ஓசூரில், மாப்பிள்ளை வீட்டார் பார்த்த மண்டபத்தில் நடந்தது. முருங்கைக்காயை இன்றுவரை நாங்கள் கடையில்தான் வாங்குகிறோம்.

நான் காப்பீட்டு ஏஜென்ட். எனக்கும் எதிர்காலத்தை வைத்துத்தான் பிழைப்பு. ஆனால் நான் விற்கும் எதிர்காலத்தில் வண்டி மோதும், வீடு எரியும், நெஞ்சு வலிக்கும். மாமா அதே எதிர்காலத்தில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருப்பார். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு பாலிசி எடுத்தவரில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் கல்லு மாதிரி. அது விதை. எங்கள் ஊர் அதிராம்பட்டினத்துக்கு மேற்கே இருக்கிற கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மனசிருந்தால் எங்களிடம் வரும். போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர். மேட்டூரில் திறந்தாயிற்று, கல்லணையில் திறந்தாயிற்று என்று டிவி என்ன கத்தினாலும், எங்கள் வாய்க்காலில் தன் கால் நனைந்த பிறகுதான் குழந்தைராஜ் விதைநெல்லை ஊறப்போடுவார். ஒரு வருடம் பேச்சை நம்பிப் போட்டு, முளைத்த நெல்லையெல்லாம் கோழிக்கு இறைத்தவர் அவர். ஊறிய நெல்லைத் திரும்ப மூட்டையில் கட்டி வைக்க முடியாது. முளை வெள்ளையாக எட்டிப் பார்த்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் அது சேற்றில் விழுந்தாக வேண்டும்.

கடைமடையில் குறுவைச் சாகுபடிக்கு ஆசைப்படுவதே கொஞ்சம் பேராசைதான். இரண்டு வருடமாக நாற்று விடவில்லை. "இந்த வருசமும் இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு ஓசூர் போயிடலாம். லின்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்று மாமா மே மாதமே சொல்லிவிட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, லின்சி வீட்டுப் பால்கனியில் எந்தத் தொட்டியில் கத்திரி, எதில் மிளகாய் என்பதுவரை அவர் முடிவுகட்டி வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் வித்யாலக்ஷ்மி வந்து சேர்ந்தாள். தஞ்சாவூர்ப் பெண். மானிடவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். என் வீட்டு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். மக்கள் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அவள் விஷயமாம்.

"உங்க படிப்புல பழைய காலத்தைத்தானே கேப்பாங்க? சடங்கு, சம்பிரதாயம், அந்த மாதிரி?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாள் அதைத்தான் சார் கேட்டுக்கிட்டு இருந்தோம். உங்க தாத்தா என்ன செஞ்சாரு, அவரோட தாத்தா என்ன செஞ்சாருன்னு. நாளைக்கு என்ன நடக்கும்னு நினைக்கிறீங்கன்னு கேக்கறது கம்மி. ஆனா மனுஷங்க பாதி நேரம் அங்கதானே இருக்காங்க?"

மாமாவின் முகத்தில் பல்பு போட்டதுபோல் ஆயிற்று. "இத்தனை வருசம் எங்கேம்மா போயிருந்த நீ?" என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று அவள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பஸ் வருகிற நேரத்துக்குப் போய் நிற்பது எதிர்பார்ப்பு. வரும் என்று நினைத்து, வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போய் நிற்பது ஊகம், ஏனென்றால் கையில் இருப்பதை அதில் வைத்துவிடுகிறோம். நேரம் தாண்டியும் வீட்டுக்குத் திரும்பாமல் நிற்பது நம்பிக்கை. மூன்றையும் போட்டுக் குழப்பக்கூடாதாம். எங்கள் ஊரில் மூன்றுக்கும் ஒரே பஸ்தான் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் பாதி தாண்டியது. ஒருநாள் காலை அதிராம்பட்டினத்தில் ஃபாஜிலின் உரக்கடைக்குப் போயிருந்தேன். ஃபாஜில் கல்லாவைவிட்டு எழுந்து வந்து என் காதருகில் சொன்னான்.

"விஷயம் தெரியுமாண்ணே? குழந்தைராஜ் அண்ணன் விதைநேர்த்தி மருந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. அவரே வாங்குறாருன்னா தண்ணி நிச்சயம்."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. எதையும் நம்பாத ஆள் நான். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு அக்காவிடம் போய், ஃபாஜில் கடையில் விதைமருந்து போக ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் நிச்சயமாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள்.

மத்தியானம் மாமா விதைநெல்லை ஊறப்போட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே ஊறப்போட்டது. குழந்தைராஜே போட்டுவிட்டார் என்றால் அப்புறம் என்ன? அண்டா, தொட்டி, பிளாஸ்டிக் டிரம் என்று கிடைத்ததிலெல்லாம் நெல். எனக்கிருக்கிற ஒரு ஏக்கருக்கு நானும் போட்டேன். தெருவெல்லாம் ஊறல் வாசம். ஆளைப் பார்த்தால் ஆள் காரணமில்லாமல் பல்லைக் காட்டினார்கள்.

மறுநாள் நெல்லை வடித்துச் சாக்கில் கட்டி வைக்கோல் மூடினோம். அதற்கு அடுத்த நாள் காலையில் கையை விட்டுப் பார்த்தால் மூட்டைக்குள் கதகதவென்று சூடு. வெள்ளை வெள்ளையாக முளை. வாய்க்காலில் மட்டும் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

நானும் மாமாவும் வண்டியை எடுத்துக்கொண்டு தலைமதகுக்கு ஓடினோம். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் அருள்பிரகாஷ் எங்கள் சொந்தக்காரப் பையன்தான். ஆற்றில் தண்ணீர் மதகுவரை வந்து நின்றது. அதைப் பார்த்ததும் மாமா குழந்தை மாதிரி கை தட்டினார்.

"தட்டாதீங்க சித்தப்பா" என்றான் அருள்பிரகாஷ். "வாய்க்கால்ல ஆளு ஒசரத்துக்குக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் நிக்குது. இப்ப தொறந்தா தண்ணி எதுத்துக்கிட்டுக் கரை உடைஞ்சிடும். அதை வெட்டுற மிசின் அடுத்த வாரம்தான் வருது."

"அடுத்த வாரம் என் முளை முழ நீளம் போயிடுமேடா!"

"வாய்க்கால் சுத்தமா இருந்தா இந்த நிமிசம் போனைப் போட்டுக் கேட்டுத் தொறந்துடுவேன். நான் என்ன செய்ய?"

நாங்கள் திரும்புவதற்குள் டீக்கடைக்கு முன்னால் ஊர் கூடிவிட்டது. ஒருத்தரையொருத்தர் அடிக்காத குறை. யார் கிளப்பிய புரளி இது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வித்யாலக்ஷ்மி நடுவில் புகுந்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் மின்னியது. ஒவ்வொருவராக, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லோரும் மாமாவைக் கைகாட்டினார்கள். மாமாவோ, "ஊரே போட்டாச்சுன்னு அமலி சொன்னா, எல்லாரும் வாய்க்காலைப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பாங்கன்னு நானும் போட்டேன்" என்றார். அக்கா அங்கே இல்லை. வீட்டில் மூட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னது நான். எனக்குச் சொன்னது ஃபாஜில். அவன் அப்போதுதான் மினி லாரியில் வந்து இறங்கியிருந்தான்.

"எனக்கு யாரும் சொல்லலயே! அண்ணன் மருந்து வாங்குனாரு. விதைக்கில்லாம வேற எதுக்கு வாங்குவாரு?" என்றான் ஃபாஜில்.

மாமா தலையைச் சொறிந்தார். "அது நெல்லுக்கு இல்லப்பா. ஓசூர்ல லின்சி வீட்டு பால்கனி இருக்குல்ல... தொட்டிச் செடிக்கு."

ஊரைவிட்டுப் போகிறவன் கத்திரிச்செடிக்கு வாங்கிய மருந்தை நம்பி ஒரு ஊரே நெல்லை முளைகட்டி வைத்திருக்கிறது! முதலில் டீக்கடைக்காரர் களுக்கென்றார். அப்புறம் அடக்க முடியவில்லை. என்னை அடிக்க வந்தவரே என் தோளைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்தபோது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, ஊரு பூரா முளை இருக்கு. அருவாளும் இருக்குல்ல?"

அவ்வளவுதான். மிஷினுக்குக் காத்திருக்கிற ஊர் என்று எங்களை யாரும் இனிமேல் சொல்ல முடியாது. நூறு நாள் வேலைக்குப் போய்ப் பழகிய பெண்கள்தான் வாய்க்காலைப் பங்கு பிரித்தார்கள். அரிவாள், மண்வெட்டி, கயிறு. ஆகாயத்தாமரையைக் கொத்தாகக் கயிற்றில் கட்டிப் பத்துப் பேர் இழுத்தால், அது வருகிற வேகத்தில் பத்துப் பேரும் மல்லாக்க விழுவார்கள். ஃபாஜில் கடையைச் சாத்திவிட்டு லாரி நிறைய மோரும் சமோசாவும் கொண்டுவந்தான். வித்யாலக்ஷ்மி கரையில் தவித்துக்கொண்டு நின்றாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் நடப்பதைப் பார்க்கலாம், நடத்தி வைக்கக்கூடாதாம். அவளுடைய பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"பாக்குறதை உள்ள நின்னு பாரும்மா, நல்லாத் தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தாள். முழங்கால்வரை சேறு.

அன்று முழுக்க வெட்டினோம். மறுநாளும் வெட்டினோம். அக்கா வீட்டுக்கும் வாய்க்காலுக்குமாக ஓடி, முளை சூடேறிப்போகாமல் எல்லார் வீட்டு மூட்டையையும் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். மறுநாள் வெயில் சாயும்போது அருள்பிரகாஷ் போன் பேசினான், தலையை ஆட்டினான், மதகைச் சுற்றினான்.

தண்ணீர் அழகாக ஒன்றும் வரவில்லை. பழுப்பு நுரையும், பிளாஸ்டிக் பாட்டிலும், ஒற்றைச் செருப்பும், திகைத்துப்போன தவளைகளுமாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. மாமா அதற்கு முன்னால் வாய்க்காலுக்குள்ளேயே ஓடினார். தண்ணீர் அவர் குதிகாலைத் தொடும், அவர் கத்திக்கொண்டு தாவுவார், மறுபடி தொடும். ஊரே இரண்டு கரையிலும் ஓடியது. நானும் ஓடினேன். நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது. ஃபாஜில் லாரி ஹாரனை அழுத்தியபடியே இருந்தான். நான் சத்தமாக அழுதேன், யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை மாமா வயலில் நாற்றங்கால் சேறு தயாராகிவிட்டது. முளை கொஞ்சம் நீண்டுவிட்டிருந்தது, ஆனாலும் பழுதில்லை. மாமா கூடையை இடுப்பில் வைத்து விதைத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நான், வித்யாலக்ஷ்மி, அக்கா. விட்டுப்போன கேள்வியை வித்யாலக்ஷ்மி அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, ஊரே ஊறப்போட்டாச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அந்த நேரத்துல யாருமே போடலையே."

"யாரும் சொல்லல" என்றாள் அக்கா.

மாமாவின் கை நின்றது.

"கடையில மருந்து போகுதுன்னு இவன் வந்து சொன்னான். அது தொட்டிச் செடிக்குன்னு எனக்குத் தெரியும். டப்பாவை எங்கிட்டத்தானே குடுத்து வச்சாரு? ஆனா பாரு, உரக்கடைக்காரன் நம்புறான், எதையும் நம்பாத இவன் நம்புறான். நெல்லை வச்சிருக்கவரு மட்டும் பால்கனிக்குக் கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஊரே போட்டாச்சுன்னு நானாத்தான் சொன்னேன்."

"பொய்யா சொன்ன?" என்றார் மாமா.

"சொல்றப்ப பொய்தான். சாயங்காலம் நெசமாயிட்டுது."

எனக்குத் தொழில் புத்தி போகுமா? "தண்ணி வராமப் போயிருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

"கோழிக்குப் போட்டிருப்பேன்" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு ஓசூர் போகப் பிடிக்கல. ஒரு நாளும் பிடிக்கல."

"அதைச் சொல்லியிருக்கலாமே, அமலி."

"எப்பச் சொல்றது? நீங்க நிறுத்துனாத்தானே."

இந்த ஆளுக்கு ஆயிரம் எதிர்காலம் இருந்தது. எல்லாவற்றிலும் அக்கா இருந்தாள், சமைத்துக்கொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு. அவளுக்கென்று அதில் ஒன்று உண்டா என்று அவர் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை, ஏனென்றால் அவர் முகம் அப்படித் தொங்கிப் போயிருந்தது.

மாமா சேற்றிலேயே நடந்து வரப்புக்கு வந்தார். கூடையை என்னிடம் கொடுத்தார்.

"சரி, நீ சொல்லு. அடுத்த வருசத்துக்கு நீ என்ன நெனச்சு வச்சிருக்க?"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். "முதல்ல மாடியில ஒரு ரூம் கட்டணும். அதுல நான் மட்டும்தான் இருப்பேன். நீங்க வந்தாக் கதவைத் தட்டணும்" என்று ஆரம்பித்தாள். மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், திறந்த வாயைத் தானே மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். மீதி விதையை நான்தான் தெளித்து முடித்தேன். கூடை காலியாகி, கால் கழுவித் திரும்பி வந்தபோதும் அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தாள்.