தேவகி அக்காவும் நான்காம் படுக்கைக் காவல்காரியும்

தேவகி அக்கா இறந்த செய்தி எங்கள் மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில், வண்டி நிறுத்தும் இடம் பற்றிய அறிவிப்புக்கும் அடுத்த வார டியூட்டிப் பட்டியலுக்கும் நடுவே வந்தது. மாரடைப்பு. செய்தியைப் போட்டவர் நிர்வாக மேலாளர். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். அக்கா இனி வார்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டவரும் அவரேதான். தூ என்று துப்பலாம் போலிருந்தது. டியூட்டியில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் கரையான்சாவடிப் பக்கம் போனவர்கள் எங்கள் வாசலில் ஃப்ளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள். ‘குழந்தைகளின் தேவதை’யாம். முதுகில் இரண்டு இறக்கை வேறு. சென்னைப் பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைச் சோதித்து, பழுதானதைக் கழிக்கிற வேலை அக்காவுக்கு. பார்த்திருந்தால், “ஒரு ரெக்கை பெருசா கீதே சிஸ்டர், இத்த எவன் பாஸ் பண்ணான்?” என்றுதான் கேட்டிருப்பார்.

நானும் யோக்கியம் இல்லை. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியாக இருப்பவள் நான். ஒரு சனிக்கிழமை, தன் மகன் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பகடைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, குழந்தைகளோடு விளையாட அக்கா வந்தார். அவர் கதை சொல்வார். ஒவ்வொரு குழந்தையும் அதில் ஒரு ஆளாக இருக்கும். கதவு திறக்குமா, புலி கடிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். ஊசி போடுகிற இடத்தில் தாயம் உருட்ட ஒருத்தி வந்துவிட்டாளே என்று எரிச்சலாக இருந்தது. ஓடிப்போகட்டும் என்றே பகடை ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் கழுவச் சொன்னேன். வாராவாரம் முணுமுணுக்காமல் கழுவினார். சத்தம் வராமலிருக்க ஊசி வைக்கிற கிட்னி டிரேயில் கட்டுப்போடும் காஸ் துணியை விரித்து உருட்டவைத்தார். பிறந்தநாளுக்கு வந்து பலூன் கொடுத்து, மொட்டைத் தலைகளைக் கட்டிக்கொண்டு படம் பிடித்துப் போகிற கனவான்களுக்கு எங்கள் மேலாளர் வாசல்வரை வந்து கும்பிடு போடுவார். அக்காவுக்கு ஒரு நாற்காலி கொடுத்ததில்லை.

நான்காம் படுக்கையில் யாழினி. ஒன்பது வயது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவள். வலி எவ்வளவு என்று ஒவ்வொரு டியூட்டியிலும் கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைத் தாளில் எழுத வேண்டும். அவள் எப்போதும் பூஜ்யம் என்பாள். அவள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவர் எதிரில் கேட்டு நானும் மூன்று நாள் பூஜ்யம் எழுதினேன். கடமை முடிந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அக்காவின் கதையில் யாழினி கோட்டைக் காவல்காரி. மதில் ஏறும் முறை வந்தபோது அவள் பகடையைத் தொடவில்லை. காவல்காரியால் ஏற முடியாது என்றாள். அக்கா பதறவில்லை. காவல்காரிக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டார்.

“வலது இடுப்புல. மூணு நாளா. சொன்னா அவ அம்மா அழுவாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல.”

நான் டாக்டரிடம் ஓடினேன். அந்த மேதாவி தாளைப் பார்த்தார், பூஜ்யம் இருந்தது. விளையாட்டில் வந்த வலிக்கு விளையாட்டிலேயே மருந்து கொடுங்கள் என்று சிரித்தார். அக்கா அவர் வழியை மறித்து நின்றார்.

“காவக்காரிக்கு ஒடம்பு எங்க கீது சார்? வலிக்கிறது புள்ளைக்கு. வந்து தொட்டுப் பாருங்க.”

தொட்டார். குழந்தை அலறினாள். ஸ்கேனில் இடுப்பு மூட்டில் சீழ். அன்று மாலையே எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று அதே டாக்டர், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி, யாழினியின் அப்பாவிடம் விளக்கினார்.

நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு! வெளியாள் ஒருத்தி கண்டுபிடித்தாள் என்று தெரிந்தால் மருத்துவமனையின் மானம் போய்விடுமாம். திங்கட்கிழமை மேலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். தேவகி என்பவர் சிகிச்சையில் தலையிட்டார், குழந்தையைப் பயமுறுத்தி அழவைத்தார், வார்டு செவிலி நேரில் பார்த்தார் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்ததும் கடைக்குள் ஒளியப் போனேன். அவரே வந்து பிடித்துக்கொண்டார். முதலில் யாழினி நடக்கிறாளா என்று கேட்டார். பிறகு சொன்னார்:

“நீ போடலைன்னா உன்னையும் தொரத்தியிருப்பானுங்க. அப்பால புள்ளைங்ககிட்ட யாரு இருப்பா? அது பொய்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்க்கா.”

“அது போதும்” என்று பஸ் ஏறினார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

நேற்று அஞ்சலிக் கூட்டத்தில் மேலாளர் குரல் தழுதழுக்கப் பேசினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களில் வந்திருந்தவர்களும் கை கட்டி நின்றீர்கள். நான் முன்வரிசையில் மெழுகுவத்தியோடு நின்றேன். அங்கே இருந்தவர்களிலேயே கேவலமானவள் நான்தான்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது, நான் கேட்காமலே அவர் கொடுத்துவிட்டுப் போன மன்னிப்பு. போதும் என்றார். போதாது அக்கா. அந்தக் கடிதத்தில் இருந்தது பொய். யாழினியின் வலியைக் கேட்டவர் நீங்கள். பூஜ்யம் எழுதியவள் நான். மேலாளர் இந்தப் பதிவைப் படித்ததும் கூப்பிட்டு இன்னொரு காகிதம் நீட்டுவார். நீட்டட்டும். நான் பேனா எடுக்க மாட்டேன்.