பிரசிடெண்ட் கேட்ட சத்தியம்

அமெரிக்காவில் ஒரு பிரசிடெண்ட் இருக்கிறார். அவர் யாரை எந்த நாற்காலியில் உட்கார வைத்தார், எதில் கையெழுத்துப் போட்டார் என்று மீரா சாகிபு டீக்கடை டிவியில் நாலு பேர் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துவார்கள். உப்போடைக்காரர்கள் அதையும் ஒன்று விடாமல் பார்ப்பார்கள். ஆனால் ஊருக்குள் பிரசிடெண்டு என்றால் ஊராட்சித் தலைவர் காளிராஜ் ஒருவர்தான். சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற ரோட்டில், மாரியூரைத் தொடாமல் ஒதுங்கிக் கிடக்கிற ஊர் அது. அமெரிக்காக்காரர் கையெழுத்துப் போட்டால் யார் வீட்டில் என்ன ஆகுமோ, நமக்குத் தெரியாது. காளிராஜ் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் ராமலெட்சுமி வீட்டில் உலை கொதிக்காது.

ராமலெட்சுமி ஊராட்சியில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். மோட்டாரைப் போடுவது, டேங்க் நிறைந்ததும் நிறுத்துவது, முறை வைத்துத் தெருத்தெருவாக வால்வைத் திறந்துவிடுவது அவள் வேலை. அவள் குடியிருக்கிற கீழத்தெருவுக்கு மட்டும் குழாய் கிடையாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டுவிட்டு, அப்புறம் அவளும் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி மேலத்தெருக் குழாய்க்கு வந்து வரிசையில் நிற்பாள். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த காளிராஜ், "கீழத்தெருவுக்குக் குழாய் போடுறது என் பொறுப்பு தாயி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஆட்டோ சின்னத்தில் குத்திவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்லுவதற்கும் இல்லை.

காளிராஜ் ஜெயித்தது மயிரிழையில். ஜெயித்த மறுவாரமே ஆள் மாற்றம் ஆரம்பமாகிவிட்டது. நூறு நாள் வேலையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவர் கொழுந்தியாளுக்கு. தெருவிளக்கு அவர் பங்காளி மகனுக்கு. குப்பை வண்டி தள்ளிய இரண்டு பெண்களைப் பழைய பிரசிடெண்டு வன்னிமுத்துவின் ஆட்கள் என்று நிறுத்தினார். கடைசியில் ராமலெட்சுமி முறை வந்தது. அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் வன்னிமுத்து அல்லவா? அப்படியானால் ஓட்டும் அவருக்குத்தான் விழுந்திருக்கும் என்பது காளிராஜ் போட்ட கணக்கு.

"எனக்குத்தான் ஓட்டுப் போட்டியா?"

"சத்தியமா உங்களுக்குத்தாய்யா."

"வாய்ச் சத்தியம் வேணாம் தாயி. கருப்பன் வாசல்ல சூடத்த அணைச்சுட்டு வந்துரு. வேலை உனக்குத்தான். நாளப்பின்ன எவனும் ஒன்னய அசைக்க முடியாது."

உண்மையைச் சொல்கிறவளுக்குச் சூடம் அணைக்க என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். ஊரும் அதைத்தான் கேட்டது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்துச் சத்தியம் பண்ணினால், அடுத்த அமாவாசை வரைக்கும் அந்த வீட்டை ஊரே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் அது பொய்ச் சத்தியம். கருப்பன் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

அவள் புருஷன் முனியசாமியும் அதே டேங்க் ஆபரேட்டராக இருந்தவன்தான். ஊர்த் தண்ணீரை லாரிக்காரனுக்கு விற்றுவிட்டான் என்று ஒரு வருஷம் பழி வந்தது. அவன் விற்கவில்லை. விற்றதாகச் சொன்ன ராத்திரி முழுக்க அவன் பல்வலியில் புரண்டுகொண்டிருந்ததும், கிராம்பை நசுக்கி வைத்துவிட்டு இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் இவளுக்குத் தெரியும். மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம் என்று அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் சூடத்தை அணைத்தான். அமாவாசைக்கு நாலு நாள் இருக்கையில் மூத்த பிள்ளையைப் பாம்பு கடித்தது. தூக்கிக்கொண்டு சாயல்குடி போய்ச் சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

துட்டி கேட்க வந்தவர்கள் முகத்தில் இருந்தது பரிதாபமா, பாவி அகப்பட்டான் என்கிற நிறைவா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. முனியசாமி குடியில் விழுந்து, இரண்டு வருஷத்தில் அவனும் போனான். வன்னிமுத்து அப்போதுதான் ஏதோ மனசு வந்து வேலையை இவளுக்குக் கொடுத்தார். மிச்சம் இருந்தது மகள் மாலதி ஒருத்தி. உண்மையோ பொய்யோ, இனி இந்தக் கை சூடத்தின் பக்கம் போகாது என்று ராமலெட்சுமி அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

"பிள்ளைய வச்சுருக்கேன்யா. அது மட்டும் வேணாம்" என்றாள்.

"பெறகென்ன? பதில் வந்துருச்சுல்ல" என்று காளிராஜ் எழுந்துவிட்டார். மறுநாள் மோட்டார் ரூம் சாவி அவர் மச்சினன் வீரமணி இடுப்பில் தொங்கியது.

அதற்குப்பிறகு ராமலெட்சுமி கரிமூட்டத்துக்குக் கருவேலமரம் வெட்டப் போனாள். கையெல்லாம் முள். ஒரு நாள் வேலை இருக்கும், இரண்டு நாள் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மாலதி, "நானும் வாரேம்மா, லீவு போட்டுட்டு" என்றாள். வேலை திரும்ப வராவிட்டால் அடுத்த வருஷம் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கமாட்டாள், புகைக்குள்தான் நிற்பாள் என்பது ராமலெட்சுமிக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

டீக்கடையில் இவள் கதைதான் பேச்சு. ஆட்டோக்காரர்கள் ஒரு பெஞ்சு, வன்னிமுத்துவின் மூக்குக்கண்ணாடி சின்னத்துக்காரர்கள் எதிர்ப் பெஞ்சு. டீயைக்கூட மாறி உட்கார்ந்து குடிக்கமாட்டார்கள்.

"மச்சினனுக்கு வேலை போட்டுக் குடுக்க இது என்ன அவங்கப்பன் வீட்டு டேங்கா?"

"ஒங்காளு மட்டும் என்னவாம்? சத்துணவுல யார வச்சாரு? தங்கச்சி மகளத்தானே?"

"அது தகுதி பாத்துப் போட்டது!"

"ஓகோ! மாமியா ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடமோ?"

மீரா சாகிபு பெரியபட்டினத்திலிருந்து வந்து கடை போட்டவர். இரண்டு கட்சிக்கும் டீ ஆற்றிக் கொடுக்கிறவர். விறகுக் கட்டோடு போன ராமலெட்சுமியைக் கூப்பிட்டு ஒரு டீயைக் கையில் கொடுத்தார். "இவுக பேச்சுக்கு நடுவுல நீ மாட்டாதம்மா. ரெண்டு பக்கமும் ஒன்னயத்தான் அடிப்பாக" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் தண்ணீரில் முங்குகிறவளுக்கு நீட்டுகிற கை யாருடையது என்று பார்க்க நேரமா இருக்கிறது?

சுதந்திர தினக் கிராம சபைக்கு வன்னிமுத்துவே அவளை அழைத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்து வராண்டாவில் கூட்டம். ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தீர்மானம் போடாம, சபையக் கேக்காம, ஒரு விதவப் பொம்பளய வேலைய விட்டுத் தூக்குனது எந்தச் சட்டம்?" என்று வன்னிமுத்து எழுந்தார். கைதட்டல். "எதுக்குத் தூக்குனாக? அவ எனக்கு ஓட்டுப் போட்டா. அவ்வளவுதான். பயப்படாத தாயி, எந்திரிச்சுச் சொல்லு!"

ராமலெட்சுமி எழுந்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை. பேசாமல் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் வன்னிமுத்து அவளுக்காக மாவட்டம் வரைக்கும் போயிருப்பார். ஆனால் இரண்டு மாசமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அதுவல்லவே.

"நான் பிரசிடெண்டய்யாவுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். தெருவுக்குக் கொழாய் வரும்னு போட்டேன்" என்றாள்.

அதைக் கேட்டு இரண்டு பக்கமும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உப்போடையில் ஆட்டோவும் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான். வன்னிமுத்து முகம் கறுத்து, "இந்தப் பொழப்புக்கு..." என்று துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். அத்தோடு அவரும் இல்லை. அதிகாரி, "அடுத்த பொருள்" என்றார்.

காளிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஊரு கூடியிருக்கு. கோயில் பக்கத்துல இருக்கு. சூடத்த அணை. அமாவாசை வரைக்கும் பாப்போம். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையா, வீரமணிகிட்ட இருந்து சாவிய வாங்கி நானே ஒன் கையில தாரேன்."

அவள் மாலதியைப் பார்த்தாள். கொடியேற்றத்துக்குக் கொடுத்த மிட்டாயைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை தூணோரம் நின்றது. "அணைச்சுரும்மா. உண்மதானே" என்றது.

அணைத்தாள். உள்ளங்கை சுட்டது அவளுக்கு உறைக்கவில்லை. கருப்பா, எனக்கு வேண்டுமானால் கண்ணைப் பிடுங்கு, காலை எடு, பிள்ளையை விட்டுவிடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். என்ன பிழைப்பு இது! உண்மையைச் சொன்னதற்குச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிற நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

அன்றிலிருந்து உப்போடைக்கே மாலதியின் மேல் பாசம் பொங்கிவிட்டது. "பாப்பா சொகமா?" என்று முகம் பார்க்காதவர்களும் கேட்டார்கள். தும்மினால் நின்று பார்த்தார்கள். வீரமணியின் பெண்டாட்டி வீடு தேடி வந்து, "என்னடி, எளச்ச மாதிரி இருக்க?" என்று பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ராமலெட்சுமி மகளைச் சைக்கிள் ஏறவிடவில்லை, ஊருணிப் பக்கம் போகவிடவில்லை. படுக்கிற பாயை மூன்று தரம் உதறினாள். கூரையில் எலி ஓடினாலும் எழுந்து உட்கார்ந்தாள்.

அமாவாசை நெருங்கி வந்தது. அந்த வாரம்தான் பிள்ளைக்கு உடம்பு சுட்டது.

முதல் நாள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மீரா சாகிபு கடையில் தலைவலி தனக்கு என்று சொல்லி மாத்திரை வாங்கினாள். மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. அன்றைக்கு அவள் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பிள்ளையின் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, தலை சீவிப் பூ வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். டீக்கடை வழியாகப் போ, எல்லாரும் பார்க்கிற மாதிரி போ என்று சொல்லித்தான் அனுப்பினாள். பிள்ளையும் போனது. கால் பின்னிக்கொண்டு வந்தாலும் கடை முன்னால் நிமிர்ந்து நடந்து, யாரோ கேட்டதற்குச் சிரித்துவிட்டும் போனது. அதுக்கும் தெரியும், எல்லாம் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மடங்கி விழுந்தாள். மறுநாள் காலையில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது.

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன். இன்னும் ரெண்டு நாளுதானே. கதவச் சாத்திரும்மா, யாரும் பாக்க மாட்டாக" என்றாள் மாலதி.

அந்த வார்த்தையில்தான் ராமலெட்சுமிக்குப் புத்தி வந்தது. அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு தாயா என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். சாவியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். குடங்களை இறக்கி எறிந்துவிட்டு, மகளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, பகல் வெளிச்சத்தில் நடுத்தெரு வழியாக பஸ் நிற்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பெஞ்சுக்காரர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். "கருப்பன் காட்டிட்டான்ல" என்று ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர், "புருசன் வழியிலதானே போவா" என்றார். மீரா சாகிபு அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். "அல்லா இருக்கான்மா, போ" என்றார். வேறு ஒருத்தரும் வரவில்லை.

சாயல்குடியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டெங்கு என்றார்கள். "இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று நர்ஸ் திட்டினாள். மூன்று நாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே கிடந்தாள். நாலாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அமாவாசை எப்போது போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் வார்டுக்குள் ஒரே பரபரப்பு. இன்னொரு பிள்ளையைத் தூக்கி வந்து பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் காளிராஜின் கடைசி மகள். காளிராஜ் வேட்டி கசங்கி, சட்டைப் பொத்தான் மாறிப்போட்டு, பேயறைந்த மாதிரி நின்றார். டிரிப் ஏற்றி முடித்து டாக்டர் நகர்ந்ததும்தான் ராமலெட்சுமியைப் பார்த்தார்.

அவள் எழுந்து போய், பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். "பாப்பாவுக்கு என்னய்யா ஆச்சு?"

"டெங்குங்கிறாக. ஊருல ஏழெட்டுப் பேருக்கு வந்துருக்காம்."

"கருப்பன் வாசல்ல நீங்களும் எதுவும் சத்தியம் பண்ணுனீகளா?"

காளிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கூறுகெட்ட பேச்சு இது? கொசு கடிச்சதுக்கும் சத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப எம் மகளுக்கு வந்தது?"

அவர் வாயைத் திறந்தார். மாலதியின் கட்டிலைப் பார்த்தார், தன் மகளைப் பார்த்தார், வாசலில் நின்ற வீரமணியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் சன்னமான குரலில், "அது வேற" என்றார்.