வெட்டாமல் கொடுத்த வெள்ளைக் கயிறு

கயிற்றுக் கிடங்கில் வேலை என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் உட்காரச் சொல்வார்கள். ஒரு கல்யாண வீட்டில் எங்கள் சம்பந்தி வீட்டு மாமி, "கயிற்றுக்குக்கூட காவலா?" என்று கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைத்தார். எங்கேயோ ஒரு ஸ்டோர் ரூமில் சாவிக்கொத்தோடு அல்லாடிக்கொண்டு, வீட்டில் யாரும் தன் வேலையை வேலையாகவே மதிப்பதில்லை என்று புழுங்குகிறவர்கள் இதைப் படித்தால், நான் சொல்வது உடனே புரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட ஆபீஸில் பத்து வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு காண்டிராக்டரிடம் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். தினமும் ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ். முதல் மாதம் முழுக்க எனக்கு அதிர்ச்சிதான்.

பூ கட்டுகிற கை

கிடங்கில் இருக்கிற எல்லோருக்கும் மூன்று முடிச்சாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சொன்னவர் இஞ்ஞாசி. கிரேனில் மாட்டுவதற்காகச் சரக்கைக் கட்டிக் கொடுக்கிற ரிக்கர். என்னைவிட ஆறு வயது சின்னவர். எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு. மார்கழி முப்பது நாளும் பெருமாளுக்கு மாலை கட்டுகிற கை இது, கயிறு என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிப் போட்டு அழகாக ஒரு முடிச்சு போட்டு நீட்டினேன்.

இஞ்ஞாசி ஒரு இழு இழுத்தார். முடிச்சு வழுக்கிக்கொண்டு கழன்று வந்தது. இன்னொன்று போட்டேன். இழுத்தார். அது கல்லாக இறுகிவிட்டது. அவிழ்க்க ஸ்க்ரூ டிரைவர், பல், கடைசியில் கத்தி வரைக்கும் போக வேண்டியதாயிற்று. எனக்கு முகமே செத்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க போடுத முடிச்சு இருக்கணும்னா அவுந்துரும் அக்கா, அவுக்கணும்னா இருந்துரும்" என்றார்.

செருப்புக் கால்

போலைன் என்று ஒரு முடிச்சு. கண்ணி மாதிரி இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் கண்ணி சுருங்காது, வேலை முடிந்ததும் விரலால் தள்ளினால் அவிழும். அது எனக்கு வர பதினோரு நாள் ஆயிற்று. பஸ்ஸில் துப்பட்டா நுனியில் கட்டிக் கட்டிப் பழகினேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என்ன நினைத்தாளோ, ஆறுமுகநேரியில் இடம் மாறி உட்கார்ந்தாள்.

போலைன் வந்த சந்தோஷத்தில் ஒரு நாள் முற்றத்தில் நீளமாகக் கிடந்த ஒரு கயிற்றை மிதித்துக்கொண்டு நடந்து வந்தேன். செருப்புக் கால், நாலே எட்டு. இஞ்ஞாசி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஏதோ பாம்பு என்று நானும் குதித்தேன். அவர் குனிந்து, நான் மிதித்த இடத்தில் புரிகளைக் கட்டைவிரலால் பிரித்துக் காட்டினார். உள்ளே மணல் மினுமினுத்தது. ஒவ்வொரு தடவை கயிறு இறுகும்போதும் அந்த மணல் உள்ளுக்குள்ளேயே நூலை அறுக்குமாம். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாதாம். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், நிழலில் காயப்போட வேண்டும், தரையில் கிடத்தவே கூடாது.

"உங்க ஊர்த் தேர் வடத்த இப்படி மிதிப்பியளாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சுத்தமான இடம்

அதற்கப்புறம் கயிறு விஷயத்தில் நான் ஆசாரம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். புதிதாக ஒரு வெள்ளை நைலான் கயிறு வந்தது. இப்போதுதான் துவைத்து எடுத்த வேட்டி மாதிரி இருந்தது. அதைத் தரையில் வைக்க மனசு வரவில்லை. கிடங்கிலேயே தூசி இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு மேஜைக்கு அடியில், பேப்பர் விரித்து, சுருட்டி வைத்தேன். மேஜைக்கு மேலே ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளைச் சார்ஜ் போடுவார்கள். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து இஞ்ஞாசி அதைப் பார்த்தார். பேட்டரியிலிருந்து ஆசிட் கசிந்து மேஜை ஓரமாகச் சொட்டியிருந்தது. கயிற்றைக் கையில் உருட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அங்கங்கே கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான். நைலானுக்கு ஆசிட் எமன் என்றார். முழுக் கயிற்றையும் ஒதுக்கிவிட வேண்டும், அதுவும் இரண்டு முழத் துண்டுகளாக வெட்டித்தான் குப்பையில் போட வேண்டும் என்றார். வெட்டுகிற வேலை ஸ்டோர் கீப்பருடையது.

ஒரு தடவைகூட வேலைக்குப் போகாத கயிறு. என் தப்பால் வீணானது. ஒதுக்கினால் போதாதா, வெட்டவும் வேண்டுமா என்று கேட்டேன்.

"முழுசா வெளிய போற கயிறு சும்மா கெடக்காதுக்கா, எங்கயாவது போய் வேல பாக்கும்" என்றார்.

துணிக் கொடி

வெட்ட உட்கார்ந்தேன். பாதிக் கயிறு வெட்டுவதற்குள் கை கொப்புளித்துவிட்டது. அப்போது கேட் வாட்ச்மேன் முத்தையா அண்ணாச்சி தண்ணீர் பிடிக்க வந்தார். "என்ன மேடம், புதுக் கயித்தப் போயி கொத்துதிய" என்று பதறினார். ஆசிட் பட்டது என்று சொன்னேன். வீட்டில் துணி காயப்போடக் கொடி இல்லை, மீதியைத் தந்தால் புண்ணியமாகப் போகும் என்றார்.

நான் விவரம் இல்லாமல் கொடுக்கவில்லை. பாரம் எதுவும் தூக்கக் கூடாது, கிணற்று வாளிகூடக் கட்டக் கூடாது, துணிக்கு மட்டும்தான் என்று மூன்று தடவை சொன்னேன். அவரும் மூன்று தடவை தலையாட்டினார். ஒரு பொருளை வீணாக்காமல் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாக பஸ் ஏறினேன். இஞ்ஞாசியிடம் சொல்லவில்லை.

"ஈரத் துணிதானே மேடம், அதுக்கென்ன யான கனமா இருக்கப் போவுது" என்றார் அண்ணாச்சி.

கையோடு வந்தது

மூன்று வாரம் போயிருக்கும். பழைய ஃபைல்களைக் கட்ட ஏதாவது வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் வெட்டிய துண்டுகளில் ஒன்று அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எடுத்து, ஃபைல்களைச் சுற்றி இறுக்கி இழுத்தேன். பட்டென்று கையோடு வந்துவிட்டது. கட்டைவிரல் தடிமன் உள்ள கயிறு. ஃபைல் கட்ட இழுத்த இழுப்புக்கு அறுந்துவிட்டது. அறுந்த இடத்திலிருந்து விபூதி மாதிரி ஏதோ மடியில் கொட்டியது.

கேட்டுக்கு ஓடினேன். அண்ணாச்சி, கொடியை உடனே அவிழ்த்துவிடுங்கள் என்றேன். துணி விழுந்தால் போகிறது, யாராவது பிடித்துத் தொங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். அவர் சிரித்தார். கொடி கட்டவே இல்லையாம். மச்சினன் ராஜதுரை வந்திருக்கிறான், கயிற்றைப் பார்த்திருக்கிறான், இவ்வளவு நல்ல கயிற்றில் துணி போடுவார்களா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மச்சினனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். பெயிண்டராம். பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் மாதா கோயிலில் கொடியேற்றம் வருகிறதாம். நேற்றிலிருந்து கோபுரத்தில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு வெள்ளை அடிக்கிறானாம்.

நான் பேயறைந்த மாதிரி நிற்பதைப் பார்த்து அவரே சமாதானமும் சொன்னார்: "பயப்படாதிய மேடம், கப்பலக் கட்டுத கயிறுல்லா, அவன் அம்பது கிலோகூட இருக்க மாட்டான்."

டீ

ராஜதுரை போனை எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பெயிண்ட் இருக்கிறவன் எப்படி எடுப்பான். இஞ்ஞாசியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பைக் சாவியை எடுத்தார். உப்பளத்து ரோட்டில் அவர் ஓட்டிய வேகத்துக்கு வேறு நாளாக இருந்தால் இறங்கியிருப்பேன். அன்றைக்கு இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்று இருந்தது.

கோயில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கோபுரத்தின் பாதி உயரத்துக்கும் மேலே, ஒரு பலகையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே என் கயிறு. வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். இஞ்ஞாசி என் கையைப் பிடித்து அமுக்கினார். "சத்தம் போடாதியக்கா. பயந்து துள்ளுனான்னா போச்சு." சொல்லிவிட்டு உள்ளே ஓடிப் படியேறினார்.

கோபுரத்தில் மணி தொங்குகிற ஜன்னல், அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கை தூரம். கொஞ்ச நேரத்தில் அங்கே இஞ்ஞாசியின் முகம் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, ஒன்றுமே நடக்காத மாதிரிக் குரலில், "ஏலே, டீ வந்திருக்கு, உள்ள வா" என்றார். அவன் திரும்பிப் பார்த்து, "நீங்க குடிங்கண்ணே, நான் அப்படியே கயித்துலயே கீழ எறங்கிக் குடிச்சுக்கிடுதேன்" என்று மேல்கயிற்றில் கை வைத்தான். பெருமாளையும் கூப்பிட்டேன், எதிரே இருந்த மாதாவையும் கூப்பிட்டேன். "கீழ இல்லல, இங்கனதான் இருக்கு. ஆறிப்போவுது" என்றார் இஞ்ஞாசி. சரி என்று அவன் சுவரை உந்தி, ஜன்னல் விளிம்பில் ஒரு காலை வைத்தான். இஞ்ஞாசி அவன் இடுப்பை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்த இழுப்பில் பெயிண்ட் வாளி தெறித்து நடு முற்றத்தில் விழுந்தது.

நான் படியேறி மேலே போனபோது ராஜதுரை கோபமாக இருந்தான். கயிற்றில் அவன் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தேன். போலைன். ஒரு குறையும் இல்லை, எனக்குப் பதினோரு நாளில் வந்ததைவிட நன்றாக இருந்தது. இஞ்ஞாசி பலகையை உள்ளே இழுத்துப் போட்டு, பலகைக்கு மேலே இருந்த கயிற்றின் ஒரு பகுதியைக் காலில் மிதித்துக்கொண்டு, கையால் ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தார். அறுந்தது. மூன்று பேர் மேலும் அந்த வெள்ளைப் பொடி பறந்தது. ராஜதுரை இரண்டு முனைகளையும் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தான். மெதுவாகச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். நான் அழுதேன். நான்தான் கொடுத்தேன், என் தப்பு என்று அவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், வெளியே ஆடிக்கொண்டிருந்த மிச்சக் கயிற்றைப் பார்த்தான், கடைசியாக இஞ்ஞாசியைப் பார்த்தான்.

"அப்ப டீ நெசமாவே வரலியாண்ணே?" என்றான்.

இப்போதெல்லாம் வீட்டில் கிழிந்த துண்டைக்கூட நாலாக வெட்டித்தான் வெளியே போடுகிறேன்; சம்பந்தி வீட்டு மாமி இதற்கும் சிரித்துவிட்டுத்தான் உட்காரச் சொல்கிறார்.